கம்பெனி ஃபிட்டிங் வண்டியும் கடைசிக் கால் நொடியும்

'மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும்' என்று சங்க நண்பர்கள் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நான் படித்தது இயந்திரவியல். பிழைப்பது சென்னைக்குப் பக்கத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில். நெற்கட்டும்செவல் பூலித்தேவரைப் பற்றி எழுதவும், சங்கரநாராயணர் கோயிலைப் பற்றி எழுதவும் நம்மிடையே தகுதி வாய்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு என்ன வரலாறு தெரியும் என்று யோசித்துக்கொண்டே ஊருக்கு வந்தேன். பரணில் கிடந்த தகரப் பெட்டியைத் திறந்தபோது ஒரு நாற்பது பக்க நோட்டு கைக்கு வந்தது. கட்டுரையும் கிடைத்துவிட்டது!

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இப்படி எழுதியிருக்கிறது: 'கம்பெனி ஃபிட்டிங் மட்டும். செட்டப்பைத் தொட்டவன் ஆட்டத்தில் இல்லை.' அதற்குக் கீழே பக்கம் பக்கமாகத் தேதி, பெயர், நேரம். நிமிடம், நொடி, நொடியில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் கணக்கு.

ஒரு நாற்பது பக்க நோட்டு

2006-ல் நாங்கள் சேர்ந்தபோது விடுதியில் எங்கள் தளத்துக்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். கோவில்பட்டிக்காரன் ஒருவனுக்கு அவன் அண்ணன் கொடுத்த பழைய அசெம்பிள்டு பெட்டி. பெரிய விளையாட்டுகளைப் போட்டால் மூச்சு வாங்கி நின்றுவிடும். அதில் ஒழுங்காக ஓடிய கார் விளையாட்டு 'லைவ் ஃபார் ஸ்பீடு' ஒன்றுதான். மூன்றே பேர் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு அது. 2003-ல் முதல் கட்டமாக விற்பனைக்கு வந்தது. நமக்கு விலைக்கு வாங்க வழியேது? கோயில் பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இலவச டெமோவை இறக்கி, பென்டிரைவில் போட்டு, கல்லூரி பஸ்ஸில் கொண்டு வந்தோம்.

டெமோவில் பிளாக்வுட் என்ற ஒரே தடம். வண்டிகளும் இரண்டு மூன்றுதான். அதில் நூற்றுச் சொச்சம் குதிரைத்திறன் கொண்ட, முன்சக்கரம் இழுக்கிற சின்ன வண்டி ஒன்று. ஸ்டியரிங், பெடல் எல்லாம் ஏது? மவுசை இப்படியும் அப்படியும் நகர்த்தித்தான் ஓட்ட வேண்டும். அந்த விளையாட்டே அதற்கு இடம் கொடுத்தது.

முதல் மாதம் ஒரே கலாட்டா. ஒருத்தன் கியர் விகிதத்தை மாற்றுவான், இன்னொருத்தன் சஸ்பென்ஷனை இறுக்குவான், மற்றொருத்தன் டயர் காற்றைக் குறைப்பான். யார் நேரம் குறைந்தாலும், 'அது வண்டி செட்டப்புல, நீ எங்க ஓட்டுன?' என்று சண்டை வரும். கடைசியில் புளியங்குடிக்காரன்தான் அந்த விதியைச் சொன்னான். 'ஏலே, கம்பெனியில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே ஓட்டுவோம். அப்புறம் பாப்போம் யாரு ஓட்டுதான்னு.'

அன்றோடு சண்டை நின்றது. அன்றுதான் உண்மையான போட்டியும் ஆரம்பித்தது. என்னுடைய நேரம் 1 நிமிடம் 40 நொடியில் தொடங்கி, இரண்டு செமஸ்டரும் ஒரு அரியரும் கடந்து 1 நிமிடம் 36 நொடிக்கு வந்து நின்றது. புளியங்குடிக்காரன் நேரம் 1 நிமிடம் 34.31 நொடி. நோட்டில் அதைத் தாண்டி எவனும் எழுதவில்லை. அவன் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், மாற்றாத வண்டியை வைத்து ஆளை அளக்கிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தோம்!

'ஸ்டாக்' என்ற சொல் வந்த வழி

நாம் 'கம்பெனி ஃபிட்டிங்' என்று சொல்வதைத்தான் அமெரிக்காவில் 'ஸ்டாக்' என்கிறார்கள். கடையில் இருப்பில் உள்ள சரக்கு, அதாவது எவரும் பணம் கொடுத்து வாங்கக்கூடிய வண்டி. 1948-ல் தொடங்கப்பட்ட நாஸ்கார் என்ற அமைப்பு, அடுத்த ஆண்டு 'கண்டிப்பாக ஸ்டாக்' என்றே பெயரிட்டு ஒரு பந்தயப் பிரிவை ஏற்படுத்தியது. அதன் முதல் போட்டி 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில் மண்தடத்தில் நடந்தது.

முதலில் வந்தவர் கிளென் டனவே. ஆனால் போட்டி முடிந்து வண்டியைச் சோதித்தபோது பின்பக்க ஸ்பிரிங்கில் வேலை பார்த்திருப்பது தெரிந்துவிட்டது. அது கள்ளச்சாராயம் கடத்தப் பயன்பட்ட வண்டி. பாரம் ஏற்றிக்கொண்டு வேகமாகத் திரும்புவதற்காகச் செய்த வேலை! டனவேயின் வெற்றி ரத்தாகி, இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குப் பரிசு போயிற்று. வண்டிச் சொந்தக்காரர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

முதல் போட்டியிலேயே இந்தக் கதை! 'வண்டியைத் தொடாதே' என்ற விதியும், அதைத் தாண்டிக் கை வைக்கும் ஆசையும் ஒரே நாளில் பிறந்தவை என்றால் மிகையாகாது. பிற்காலத்தில் நாஸ்கார் வண்டிகள் பெயரளவில்தான் 'ஸ்டாக்' ஆயின. இன்று அவை முழுக்க முழுக்கப் பந்தயத்துக்கென்றே கட்டப்படுபவை.

சோழவரம்

நம் தமிழ்நாட்டில் இந்தக் கதை தொடங்குவது ஒரு விமான ஓடுபாதையில். சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலைப் பக்கம், சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஓர் ஓடுபாதை போட்டார்கள். போர் முடிந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தக் கான்கிரீட்டைப் பந்தயத் தடமாக்கியது. ஆங்கில 'டி' எழுத்து வடிவத்தில் தடம். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வண்டிகள் வந்தன. சென்னைவாசிகள் கூட்டம் கூட்டமாகப் போய் வேடிக்கை பார்த்தார்கள். நம் அப்பாக்கள், மாமாக்கள் காலத்தில் சென்னையில் வேலை பார்த்த எவரிடமாவது 'சோழவரம் ரேஸ்' என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும்.

அன்று நம் நாட்டில் என்ன கார்கள் இருந்தன? அம்பாசடர், ஃபியட், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. விரல் விட்டு எண்ணி முடித்துவிடலாம். வெளிநாட்டு வண்டி இறக்குமதி செய்வது சாமானியர்களால் ஆகாத காரியம். ஆகவே சோழவரத்தில் இரண்டு உலகங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. ஒரு பக்கம் மகாராஜாக்களும் பெரும் செல்வந்தர்களும் தருவித்த வெளிநாட்டுப் பந்தய வண்டிகள். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய பழைய என்சைன் வண்டியையே கொண்டு வந்து ஓட்டினார். மறுபக்கம் நாம் அன்றாடம் தெருவில் பார்க்கும் ஃபியட்டும் ஹெரால்டும்.

எந்த வண்டி வேகம் என்று கேட்டால் பதில் தெரிந்ததே. ஆனால் எந்த ஓட்டுநர் கெட்டிக்காரர் என்ற கேள்விக்கு மகாராஜாவின் வண்டியிடம் பதில் கிடையாது. 1089 சிசி ஃபியட்டுகள் பத்து ஒன்றாக ஓடினால்தான் அது தெரியும். அங்கேயும் பானெட்டுக்குள் யார் என்ன வேலை பார்த்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். கார்புரேட்டரைப் பெரிதாக்குவது, சிலிண்டர் ஹெட்டைச் சீவுவது என்று நம் மெக்கானிக்குகளின் கைவண்ணம் லேசுப்பட்டதா என்ன? பணம் உள்ளவனுக்கு நல்ல மெக்கானிக், நல்ல மெக்கானிக் உள்ளவனுக்கு நல்ல நேரம். எங்கள் விடுதியில் முதல் மாதம் நடந்த சண்டையேதான்!

எல்லோருக்கும் ஒரே எஞ்சின்

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 40 குதிரைத்திறன். ஊரெல்லாம் அதைக் குடும்ப வண்டியாகப் பார்த்தது. கோயம்புத்தூர்த் தொழிலதிபர் எஸ். கரிவர்தன் அதற்குள் ஒரு பந்தய வண்டியைப் பார்த்தார். அவரே பந்தய வீரர், வண்டி வடிவமைப்பாளரும்கூட. 1980-களின் இறுதியில் அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கை வண்டிதான் 'ஃபார்முலா மாருதி'. குழாய்களால் ஆன சட்டம், அதில் மாருதி 800-ன் எஞ்சின். எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஒரே எஞ்சின். உதிரிபாகம் உள்ளூரிலேயே கிடைக்கும். இனி நேரத்தில் வித்தியாசம் வந்தால் அதற்கு முதல் காரணம் உள்ளே உட்கார்ந்திருப்பவர்தான்.

இதன் பெருமையை ஒரு பொறியாளனாக இன்றுதான் முழுமையாக உணர்கிறேன். கரிவர்தன் தன் வண்டியை மட்டும் வேகமாக்கிக்கொண்டு போயிருக்கலாம். அதைச் செய்யக்கூடிய அறிவும் வசதியும் அவருக்கு இருந்தன. அவரோ மற்றவர்களும் ஏறி ஓட்டக்கூடிய வண்டியைச் செய்தார்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தடம் திறக்கப்பட்டது. சுற்றளவு 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். இன்று 'மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்' என்ற பெயரில் இயங்குகிறது. சோழவரத்தின் காலம் முடிந்தது. இந்தப் புதிய தடத்தில், ஃபார்முலா மாருதியில்தான் நரேன் கார்த்திகேயன் என்ற கோவை இளைஞர் பந்தய வாழ்வைத் தொடங்கினார். 1996-ல் ஃபார்முலா ஆசியா சாம்பியன், 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். 2010-ல் சென்னையின் கருண் சந்தோக் இரண்டாமவர் ஆனார். நடிகர் அஜித்குமாரும் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்து நாமெல்லாம் விசிலடித்தோம்.

கரிவர்தன் இவற்றையெல்லாம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1995-ல் ஒரு சிறு விமான விபத்தில் காலமானார். 2003-ல் கோவை செட்டிப்பாளையத்தில் திறக்கப்பட்ட 2.1 கிலோமீட்டர் தடத்துக்கு அவர் நினைவாகவே 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று பெயர் வைத்தார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நரேனின் தந்தை பெயர் பெற்ற ராலி வீரர். கருணின் தந்தையும் பந்தய வீரர். தாத்தா மெட்ராஸ் கிளப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். அவர்களின் திறமையில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரே மாதிரி வண்டி என்பது தடத்துக்குள் போன பிறகு கிடைக்கிற நியாயம். தடத்தின் வாசல் வரைக்கும் போய்ச் சேர பஸ் காசு வேண்டுமே? அது எல்லோரிடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

எஞ்சினைத் தொடாமல் ஏழு கிலோமீட்டர்

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்காக ஒரு சின்னக் கணக்கு. 'வண்டியை மாற்றாமல் நேரத்தை எப்படி அண்ணே குறைப்பது?' என்று நீங்கள் கேட்கலாம்.

ஒரு வளைவில் வண்டி வழுக்காமல் போகக்கூடிய உச்ச வேகத்தை டயரின் உராய்வும் வளைவின் ஆரமும்தான் முடிவு செய்கின்றன. உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம், ஆரம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் வந்துவிடும். கெழு 0.8, ஆரம் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை மணிக்குச் சுமார் 71 கிலோமீட்டர். அதே வளைவில் சாலையின் வெளி ஓரத்திலிருந்து தொடங்கி, நடுவில் உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போனால், நீங்கள் வரையும் வட்டம் பெரிதாகிறது. ஆரம் 60 மீட்டர் ஆனால் வேகம் 78. எஞ்சினைத் தொடவில்லை, ஒரு பைசா செலவில்லை. மணிக்கு 7 கிலோமீட்டர் இலாபம்!

இந்தச் சூத்திரத்தில் வண்டியின் எடை இல்லை என்பதையும் கவனியுங்கள். ஏட்டுக் கணக்கில் அம்பாசடரும் மாருதியும் அந்த வளைவில் ஒன்றுதான். மாறாக, உச்ச வேகத்தை எஞ்சினால் கூட்டப் பார்த்தால் காற்றின் தடை குறுக்கே நிற்கும். தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 10 சதவீத வேகத்துக்கு 33 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். பணக்காரன் கணக்கு அது.

இன்னொன்று: டயரிடம் உள்ள பிடிப்பு ஒரு வீட்டுச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்கு முழுவதையும் செலவழித்தால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. ஆகவே நேர்கோட்டிலேயே பிரேக்கை அழுத்தி முடித்து, திரும்பத் திரும்பக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். ஆடித்தபசுக்குக் கோமதி அம்மன் தேர் முனை திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். தேரின் திறமை வடம் பிடிக்கிற கூட்டத்தில் மட்டுமா இருக்கிறது? சரியான கணத்தில் சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போட்டு, சரியான கணத்தில் எடுக்கிறாரே ஒருவர், அவரில்லாமல் தேர் நிலைக்கு வருமா?

திரையிலிருந்து சாலைக்கு

விளையாட்டு செய்தவர்களும் இந்த நியாயத்தைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த 'கிரான் டூரிஸ்மோ'வில் பந்தயத்துக்குப் போகுமுன் லைசென்ஸ் தேர்வு எழுத வேண்டும். அவர்கள் கொடுக்கிற வண்டி, அவர்கள் குறிக்கிற நேரம். தங்கம், வெள்ளி, வெண்கலம். அங்கே காசு கொடுத்து எஞ்சினைப் பெரிதாக்க முடியாது. எத்தனை பேர் ஒரு கால் நொடிக்காக இரவெல்லாம் கண் விழித்திருப்பார்கள்!

2008-ல் நிசான் நிறுவனமும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து 'ஜிடி அகாடமி' என்ற போட்டியைத் தொடங்கின. வீட்டில் அமர்ந்து நேரத்தைப் பதிவு செய்கிறவர்களில் வேகமானவர்களைத் தேர்ந்தெடுத்து நிஜத் தடத்தில் பயிற்சி கொடுப்பது. முதல் வெற்றியாளர் ஸ்பெயின் நாட்டு லூகாஸ் ஓர்டோனெஸ். 2011-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் இரண்டாமிடம் பெற்றது. அதே ஆண்டு ஜிடி அகாடமியில் வென்ற ஜான் மார்டன்பரோவின் கதை 2023-ல் திரைப்படமாகவே வந்துவிட்டது. அந்த வாசல் 2016-ஓடு மூடிவிட்டார்கள்.

அமெரிக்காவில் வில்லியம் பைரன் என்ற சிறுவர் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகி, பிறகு நிஜ வண்டிக்கு மாறி, 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் டேடோனா 500 பந்தயத்தை வென்றார். 2022 அக்டோபர் 30 அன்று நடந்தது இன்னும் வேடிக்கை. மார்ட்டின்ஸ்வில் தடத்தில் கடைசிச் சுற்று. ராஸ் சாஸ்டெய்ன் தகுதி பெற இன்னும் இரண்டு இடமாவது முன்னேற வேண்டும். மனிதர் பிரேக்கே போடாமல், வண்டியை வெளிச்சுவரில் உரசவிட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே வளைவு முழுவதும் போய் ஐந்து பேரைத் தாண்டிவிட்டார். சுற்று நேரம் 18.845 நொடி. சின்ன வயதில் நாஸ்கார் வீடியோ விளையாட்டில் செய்து பார்த்த வித்தை அது என்று அவரே சொன்னார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில், இனி எவரும் அப்படிச் செய்தால் தண்டனை உண்டு என்று நாஸ்கார் அறிவித்துவிட்டது. எங்கள் நோட்டிலும் 'சுவரில் உரசினால் நேரம் செல்லாது' என்று ஒரு விதி இருக்கிறது. நாங்கள் பதினைந்து வருஷம் முந்தி!

செட்டிப்பாளையத்தில் ஒரு நாள்

இப்போது புளியங்குடிக்காரன் கதைக்கு வருகிறேன்.

2008-ன் தொடக்கத்தில், நான்காவது செமஸ்டரில், ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவன் அப்பா எலுமிச்சை மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டியவர். விபத்தில் கால் போய்விட்டது. வண்டிக்குத் தவணை பாக்கி, வீட்டில் இரண்டு தங்கைகள். இவன் படிப்பை விட்டுவிட்டு அதே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவன் கட்ட வேண்டிய செமஸ்டர் கட்டணம், எங்கள் தளத்துப் பையன்கள் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். எங்களில் எவனுக்கும் அன்று அது தோன்றவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் கம்ப்யூட்டரில் அவன் ஓட்டிய சுற்றின் ரீப்ளே இருந்தது. அதைப் போட்டுப் போட்டுப் பார்ப்போம். உள்ளே இருந்து பார்த்தால் ஸ்டியரிங்கைப் பிடித்த கை தெரியும். எந்த இடத்தில் பிரேக், எந்த இடத்தில் கியர், எல்லாம் தெரியும். அவன் இல்லாத அறையில் அவன் ஓட்டிக்கொண்டே இருந்தான். நாங்கள் அவனைத் துரத்திக்கொண்டே இருந்தோம். புளியங்குடி பதினைந்து, இருபது கிலோமீட்டர் தூரம்தான். பஸ் ஏறிப் போய் ஒருநாள் பார்த்துவிட்டு வருவோம் என்று யாரும் கிளம்பவில்லை.

பதினொரு வருஷம் கழித்து, 2019-ல், ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தேன். பேச்சு எங்கெங்கோ போய் நோட்டில் வந்து நின்றது. அடுத்த மாதம் இருவரும் என் ஸ்விஃப்ட்டில் கோவைக்குப் போனோம். கட்டணம் கட்டினால் சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்ட விடும் ஒரு நாள் ஏற்பாடு. வண்டி கம்பெனி ஃபிட்டிங்தான். சீட்டு உறையைத் தவிர நான் எதையும் மாற்றியதில்லை.

முதலில் நான் ஓட்டினேன். செல்போனில் நேரம் குறித்தோம். அடுத்து அவன். முதல் இரண்டு சுற்று என்னைவிட மெதுவாக வந்தான். 'என்னல, பயமா?' என்றேன். 'பயமில்ல. வண்டி ஒன்னுதுல்லா' என்றான். 'தவணை முடிஞ்சிட்டுல, போ' என்றேன். மூன்றாவது சுற்றில் என் நேரத்தைத் தொட்டான். ஐந்தாவது சுற்றில் என்னைவிட மூன்று நொடி குறைவு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எங்கே வேகம் கூடியது என்றே தெரியவில்லை. டயர் அலறவில்லை, தலை ஆடவில்லை. எலுமிச்சை மூட்டை சரியாமல் வளைவு திரும்பிப் பழகின ஆள்!

விளையாட்டு சொல்லித் தராததும் அன்று தெரிந்தது. ஆறாவது சுற்றில் பிரேக் பெடல் மெத்து மெத்தென்று உள்ளே போயிற்று. கருகிய வாடை அடித்தது. கம்பெனி பிரேக் தொடர்ந்து அவ்வளவு சூட்டைத் தாங்காது. அவன் எனக்கு முன்பே அதைக் காலில் உணர்ந்து, வேகத்தைக் குறைத்து, ஒரு சுற்று ஆறவிட்டு உள்ளே கொண்டு வந்தான். எஞ்சினீயர் பட்டம் வாங்கியவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

என் அன்றாட வேலையும் இதுதான். ஒரு உற்பத்தி வரிசையில் ஒரு பாகம் முடிய எத்தனை நொடி என்று பார்ப்பது, புது எந்திரம் கேட்காமல் அதில் இரண்டு நொடியைக் குறைப்பது. எங்கள் வீட்டு விசைத்தறிக் கூடத்தில் அப்பா சொல்வார்: 'தறி எல்லாம் ஒண்ணுதான், நூலும் ஒண்ணுதான். அறுந்த இழையை எவன் சீக்கிரம் பாக்கானோ அவன் துணிதான் நீளும்.' அவர் சொன்னதையும் நோட்டின் முதல் பக்கத்தையும் சேர்த்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

2024 ஆகஸ்ட் 31 அன்று சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இந்தியாவின் முதல் இரவுநேரத் தெருப் பந்தயம் நடந்தது. 3.5 கிலோமீட்டர் தடம், விளக்கு வெளிச்சம், பெரும் கூட்டம். நான் குடும்பத்தோடு போயிருந்தேன். அங்கிருந்து அவனுக்கு போன் செய்தேன். பின்னால் மார்க்கெட் சத்தம் கேட்டது. 'சத்தத்தக் கொஞ்சம் கேக்க விடுல' என்றான். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

இந்த ஒன்றுகூடலுக்கு அவனைக் கூப்பிட்டேன். 'நான் பாஸ் பண்ணலியே, எந்தக் கணக்குல வர?' என்றான். சங்கப் பட்டியலைப் பார்த்தேன். பட்டம் பெற்ற எங்கள் பெயர்கள் இருக்கின்றன, அவன் பெயர் இல்லை. யாருடைய தவறும் இல்லை. பட்டியல் அப்படித்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் சங்கப் பெரியவர்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்க எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

ஒன்று: நம் கல்லூரியில் சேர்ந்து, இடையில் நின்றுபோனவர்களையும் உறுப்பினராக்குங்கள். நான்கு செமஸ்டர் நம் வகுப்பில் உட்கார்ந்தவன் நம்மவன் இல்லையா?

இரண்டு: பணக் கஷ்டத்தால் படிப்பு நின்றுபோகும் நிலையில் உள்ள மாணவருக்கு ஒரு செமஸ்டர் கட்டணத்தை உடனே கட்டுவதற்கு ஒரு சிறு நிதி. விண்ணப்பம், விசாரணை என்று இழுக்காமல், துறை ஆசிரியர் ஒருவர் சொன்னால் ஒரே வாரத்தில் கொடுக்க வேண்டும். முதல் தவணையாக எங்கள் 2010 ஆம் ஆண்டு அணியினர் சேர்த்த தொகையைப் பொருளாளரிடம் ஒப்படைத்துவிட்டோம்.

தம்பிகளே, தங்கைகளே! உங்கள் பக்கத்து இருக்கை இரண்டு நாள் காலியாக இருந்தால் மூன்றாம் நாள் பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். நாங்கள் செய்யாததை நீங்கள் செய்யுங்கள்.

நோட்டை விழாவன்று கொண்டு வருகிறேன். இயந்திரவியல் ஆய்வகத்தில் ஒரு கம்ப்யூட்டரும் மவுசும் தர முதல்வர் சம்மதித்திருக்கிறார். அதே தடம், அதே வண்டி. 1 நிமிடம் 34.31 நொடி. முறியடிக்க நினைக்கிறவர்கள் வரலாம். செட்டப்பைத் தொடக்கூடாது. சாதனைக்குச் சொந்தக்காரனும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். மார்க்கெட் முடிந்து மத்தியானம் வந்து சேருவான். ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!

(கட்டுரையாளர் இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர், 2006-2010)